குளிர் தாங்காத உயிர்கள்

நான் வீடு கட்டின நாள் முதல் எங்கள் சமையலறையில் கரப்பான்பூச்சி கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை சார். குன்னூருக்கு மேலே எங்கள் மேட்டில் அடிக்கிற குளிருக்கு அது தங்காது, அவ்வளவுதான். கீழே அப்படி இல்லை. மலையை விட்டு இறங்கினால் எங்களுக்கு எல்லாமே கீழேதான். மேட்டுப்பாளையமும் கீழே, கோயம்புத்தூரும் கீழே, மெட்ராஸும் கீழே. கீழே எந்த வீட்டுக்குப் போனாலும் டம்ளரை ஒரு தரம் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் நான் வாயில் வைப்பேன்.

நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள். நிதானமாகத்தான் சொல்கிறேன். எழுதுகிறவருக்குக் கை வலித்தால் சொல்லட்டும், நிறுத்திக்கொள்கிறேன்.

என் பேர் நாச்சிமுத்து. படிப்பு மூன்றாங்கிளாஸ். டீ ஃபேக்டரி கேட்டில் வாட்ச்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவன். வேலை முடிந்து வெளியே போகிறவர்களின் பையைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது என் உத்தியோகம். டீத்தூளைச் சோற்று டப்பாவுக்குள் வைத்துக் கொண்டுபோவார்கள். கொண்டைக்குள் வைப்பார்கள். ஒருத்தன் கையில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். கட்டுக்குள்ளே கை மட்டும் இல்லை, தூளும் இருந்தது. அதற்குப் பிறகு எனக்கு யாரைப் பார்த்தாலும், இவன் எதை எங்கே வைத்திருக்கிறான் என்றுதான் தோன்றும். சிரித்துக்கொண்டு வருகிறவனை இரண்டு தரம் பார்ப்பேன். இதனால் எனக்குச் சிநேகிதர்கள் அதிகம் இல்லை. இல்லாதது ஒன்றும் குறையாகவும் தெரியவில்லை.

வீட்டை நானும் என் சம்சாரம் சாந்தாமணியும் கட்டினோம். கொத்தனாரை நம்பாமல் கல்லை நானே பொறுக்கினேன். அவள் தலையில் சுமந்து மேடு ஏறினாள். அவளுக்கு அப்போது இளைப்பு இல்லை. அது பிற்பாடு வந்தது. முதலில் மழைக்காலத்தில் மட்டும் வந்தது. பிறகு மழைக்காலம் போனாலும் அது போகவில்லை. படுத்தால் நெஞ்சுக்குள் பூனை கத்துகிற மாதிரி சத்தம் கேட்கும்.

குன்னூரில் மெட்டில்டா டாக்டரம்மாவிடம் காட்டினோம். இந்தக் குளிரும் ஈரமும் ஆகாது, கீழே போய் இருந்தால் நல்லது என்று டாக்டரம்மா சொன்னார். சொன்னதுதான் தாமதம், கோயம்புத்தூரில் இருக்கிற என் மகன் வேலுமணி அடுத்த வாரமே காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

"ஏனுங்கப்பா, அங்க ரெண்டு ரூமு சும்மா கெடக்குது. அம்மாளுக்கும் மூச்சு நல்லாருக்கும். இந்த ஊட்டை வித்துப்போட்டு வந்துருங்க. இங்க என்ன இருக்குதுன்னு இதையக் கட்டீட்டு அழுவறீங்க?"

"வித்துப்போட்டு, அப்பறம்?"

"அப்பறம் என்னுங்கப்பா? நாங்க இல்லீங்களா?"

நாங்க இல்லையா என்று கேட்கிறவன் பையைத்தான் முதலில் திறந்து பார்க்க வேண்டும். என் மகன் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. கெட்டவன் என்று எழுதிவிடாதீர்கள். ஆனால் வீடு கைவிட்டுப் போன கிழவனுக்குப் பிள்ளை வீட்டில் என்ன மரியாதை என்று எனக்குத் தெரியும். டிவி ரிமோட்டைக்கூடக் கையில் தரமாட்டார்கள். அந்த ஊர் வெயில் வேறு. போன தடவை போனபோது பகலெல்லாம் ஃபேனுக்கு அடியில் மல்லாக்கப் படுத்துக் கிடந்தேன், மருமகள் என்னைச் சுற்றிச் சுற்றிக் கூட்டிவிட்டுப் போனாள்.

சாந்தாமணியும் சொன்னாள். அதையும் மறைக்கவில்லை.

"போலாமுங்க. எனக்கு முடியலீங்க."

சொல்லும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. மூச்சு வாங்குகிறபோது ஒரு மனுஷி சொல்வதை அவள் நிஜமாகச் சொன்னதாக எடுத்துக்கொள்ள முடியாது.

வேலுமணி ஆள் கூட்டிக்கொண்டு வந்தான். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிற புருஷன் பெண்டாட்டி. வீட்டை வாங்கி டூரிஸ்ட்டுகளுக்கு அறை அறையாக வாடகைக்கு விடுகிற யோசனை. நான் என்னால் ஆனதைச் சொல்லிப் பார்த்தேன். கூரை ஒழுகும் என்றேன். அந்தக் காலத்து ஊடு, அழகே அதுதானுங்களே என்றார் அவர். ராத்திரியானால் வாசலில் காட்டெருமை வந்து நிற்கும் என்றேன்.

"நெசமாலுமாங்க?" என்று அந்த அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "ஏனுங்க, கேட்டீங்களா? காட்டெருமை வருமாமா!"

"கரடியும் வரும். போன மாசம் கதவைப் பிராண்டீட்டுப் போச்சு."

"அந்தப் பிராண்டுனது இன்னும் இருக்குதுங்களா?"

பிராண்டின இடத்தைப் புருஷன் போட்டோ எடுத்துக்கொண்டான். நான் வாயைத் திறக்கத் திறக்க வீட்டுக்கு மவுசு ஏறிக்கொண்டே போனது. சரி, இனி பேசிப் பிரயோசனம் இல்லை என்று உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா சமையலறையைப் பார்க்கப் போனாள். அங்கே வேலுமணி கோயம்புத்தூரிலிருந்து பழம் போட்டுக் கொண்டுவந்த அட்டைப்பெட்டி மேடைமேல் இருந்தது. அதன் மடிப்பிலிருந்து ஒரு கரப்பான்பூச்சி வந்தது. ஒன்றே ஒன்று. மீசையை ஆட்டிக்கொண்டு அந்த அம்மாவின் வளையல் வரைக்கும் ஏறியது.

அவள் போட்ட சத்தத்தில் புருஷன் போனைக் கீழே போட்டுவிட்டான். செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு காரில் ஏறினாள். கண்ணாடியை இறக்காமலே உள்ளேயிருந்து கும்பிட்டாள். வேலுமணி கார் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடினான்.

நான் சமையலறைக்குப் போய் நின்று பார்த்தேன். இத்தனை நாள் டாக்டரிடமும் மகனிடமும் பெண்டாட்டியிடமும் நான் வாய் வலிக்கச் சொல்லி நடக்காததை, பேரீச்சம்பழம் அளவு கூட இல்லாத ஒரு ஜீவன் வாயே திறக்காமல் முடித்துவிட்டிருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் ஜன்னல் ஓரத்தில் காலை மேலே தூக்கிக்கொண்டு செத்துக் கிடந்தது. முந்தின நாள் பனி. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வேலுமணி விடவில்லை. குன்னூரில் பூச்சி மருந்து அடிக்கிற நெல்சன் என்கிற பையனை அனுப்பிவைத்தான். பையன் என்றால் கல்யாணமானவன்தான். நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மேடைக்கு அடியில் தலையை விட்டான். நான் ஒரு மணையைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

"ஒண்ணுமில்லீங்க பெரியவரே. இருந்துச்சுன்னா தடயம் இருக்கும். டஸ்ட் டீத்தூள் கொட்டுன மாதிரிப் பொட்டுப் பொட்டா எச்சம் கெடக்கும். மூலையில முட்டைக்கூடு ஒட்டீருக்கும், பாக்கறதுக்கு ராஜ்மா பருப்பாட்டம். ஒரு மக்குன வாடையும் வருமுங்க."

"அதுக்கு என்ன புடிக்கும்?"

"கதகதப்பு வேணுங்க. ஈரம் வேணும். இருட்டு வேணும். அட்டைப்பெட்டின்னா உசுரு. ராத்திரி எச்சிப் பாத்திரத்தைப் போட்டு வெச்சா அதுகளுக்குக் கல்யாண விருந்து. அதனால பைப்பு ஒழுகாமப் பாத்துக்கோணும், பாத்திரத்தைக் கழுவிக் கவுத்தோணும், இடுக்கையெல்லாம் அடைக்கோணும்."

"குளுரு?"

"குளுரு ஆகவே ஆகாதுங்க."

"ஒரு ஹீட்டரு கீட்டரு இருந்தா?"

நெல்சன் தலையை வெளியே எடுத்து லைட்டை என் முகத்தில் அடித்தான்.

"ஏனுங்க பெரியவரே, மாப்பிள்ளைக்குப் பொண்ணு பாக்கறாப்பல விசாரிக்கறீங்க? ஹீட்டர் இருந்தா நல்லா இருக்கும். குடும்பம் பெருகும். ஆனா அதுகளுக்கு எவனுங்க ஹீட்டர் போடுவான்?"

இரண்டு பேரும் சிரித்தோம். போகும்போது அவன் இன்னொன்றும் சொன்னான். அதுகள் இருட்டில்தான் வெளியே வரும். பகலில் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், ஒளிய இடம் போதாத அளவுக்குக் கூட்டம் பெருத்துவிட்டது என்று அர்த்தமாம். நல்ல பையன். தனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் சொல்கிறவன். அவன்மேல் கேஸ் எதுவும் போட்டுவிடாதீர்கள்.

நான் மேட்டுப்பாளையத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஓட்டலில் இசக்கி என்று பரோட்டா மாஸ்டர் இருக்கிறார். முன்னே எங்கள் ஃபேக்டரி கேன்டீனில் இருந்தவர், தெக்கத்திக்காரர். அடுப்புக்குப் பின்னால் இருக்கிற பூச்சிகளைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறேன் என்று கேட்டேன்.

அவர் மாவை அடித்துக்கொண்டே யோசித்தார். "மருந்துக்கா அண்ணாச்சி?"

"ஆமாங்க."

"இளைப்புக்குத்தான? எங்க ஊர்ப் பக்கம்கூட ஒரு வைத்தியர் குடுப்பாருன்னு கேட்டிருக்கேன். மதினிக்கா?"

"அவளுக்குத்தான்."

"பாவம் மதினி. நல்லதாப் பாத்து எடுத்துக்கிடுங்க. முதலாளி காதுல மட்டும் விழுந்துறக் கூடாது. எங்க ஓட்டல்ல பூச்சியே கிடையாதுன்னு போர்டு வச்சிருக்கோம்."

இது ஒன்றுதான் நான் சொன்ன பொய். இதுவும் முழுப் பொய் இல்லை, அவளுக்காகத்தானே எடுத்தேன்.

எவர்சில்வர் தூக்கு கேரியரில், கீழடுக்கில் ரொட்டித் துண்டைப் போட்டு அதுகளை விட்டேன். மேலடுக்கு காலி. மூச்சு விடுவதற்கு ஆணியால் ஓட்டை போட்டு வைத்திருந்தேன். பஸ் பர்லியாறு வந்ததும் பிளாஸ்டிக் செக்கிங். நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாதல்லவா. ஒரு ஆள் உள்ளே ஏறி வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தான். வாழ்நாளெல்லாம் மற்றவர்களை நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னவன் நான். முதல் தடவையாக நான் என் கேரியரை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டேன்.

"பெருசு, கேரியர்ல என்ன?"

"சாப்பாடுங்க."

"உள்ள கவர் எதாச்சும் வெச்சிருக்குதா? தண்ணி பாட்டல்?"

"இல்லீங்க. பூராவும் எவர்சில்வர்."

விரல் மடக்கி கேரியரை ஒரு தட்டுத் தட்டினான். உள்ளே கரகரவென்று சத்தம் கேட்டது. "வறுவலா? ரைட்டு," என்று அடுத்த சீட்டுக்குப் போய்விட்டான். அங்கே ஒரு பெண்பிள்ளையிடமிருந்து வெறும் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு அரை மணி நேரம் சத்தம் போட்டான். தேடுவது இன்னது என்று முதலிலேயே முடிவு பண்ணிவிட்டு வருகிறவன் கண்ணில் வேறு எதுவும் படாது. கேட்டில் இருந்தபோது நான் அப்படி இல்லை.

வீட்டுக்கு வந்தபோது பாதி அசைவில்லாமல் கிடந்தது. மேலே காட்டேரி ஊரைத் தாண்டின பிறகு அடித்த காற்று அப்படி. மறுபடியும் போய் வந்தேன். அதுவும் போயிற்று. அதற்குப் பிறகுதான் ஹீட்டரை எடுத்தேன்.

அது சாந்தாமணிக்கு வேலுமணி வாங்கிக் கொடுத்தது. எண்ணெய் ரகம், சிவக்காது, சத்தமும் போடாது. அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. ரிப்பேர், குன்னூரில் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, சமையல் மேடைக்கு அடியில் இருந்த மர அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். இளைப்பு வந்த பிறகு அவளால் குனிய முடியாது. அட்டைப்பெட்டி மடிப்புகளைச் சுற்றிலும் அடுக்கினேன். குழாயின் வாஷரைக் கொஞ்சம் தளர்த்திவிட்டேன். இட்லி மாவு ஒரு கரண்டி, வெல்லத்தூள் ஒரு சிட்டிகை. மூன்றாம் தரம் மேட்டுப்பாளையம் போய்க் கொண்டுவந்ததுகளை உள்ளே விட்டேன். அவள் போர்த்துகிற கம்பளிகளில் நல்லதாக ஒன்றை எடுத்துக் கதவு இடுக்கில் அடைத்தேன், சூடு வெளியே போகாமல்.

அவளுக்குப் போர்வை இல்லாமல் போகவில்லை. இன்னொன்று இருந்தது. கொஞ்சம் நைந்தது.

நெல்சன் சொன்னதெல்லாம் ஒன்றுகூடத் தப்பவில்லை. முதலில் அலமாரி ஓரத்தில் டஸ்ட் டீத்தூள் கொட்டின மாதிரி எச்சம். ஃபேக்டரியில் அத்தனை வருஷம் இருந்தவன். விரலில் தொட்டுப் பார்த்தேன், நல்ல தரம். பிறகு முட்டைக்கூடு. பிறகு அந்த வாடை. ஒருநாள் காலை பதமான வெயிலில், சுவரில் தொங்கிய காலண்டரின் மேலே ஒன்று பட்டப்பகலில் நடந்து போயிற்று. அன்றைக்கு நானே சேமியா பாயசம் வைத்தேன்.

"என்னுங்க விசேஷம்?" என்று சாந்தாமணி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. குடி புள்ள."

அவள் ஒரு டம்ளர் குடித்தாள். நன்றாக இருக்கிறது, முந்திரி கொஞ்சம் கருகிவிட்டது என்றாள்.

வீடு பார்க்க அதற்குப் பிறகு ஆள் வந்தார்கள். சமையலறையைக் கடைசியாகக் காட்டுவேன். வேறொன்றும் செய்யமாட்டேன், டப்பாவிலிருந்து சர்க்கரை எடுக்கிற மாதிரி மேல் அலமாரிக் கதவைத் திறப்பேன். வந்தவர்களுக்கு உடனே வேறு எங்கோ அவசர வேலை ஞாபகம் வந்துவிடும். ஈரோட்டிலிருந்து வந்த ஒருத்தர் மாடிப்படி இல்லாத வீட்டில் மாடிப்படி சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நெல்சனை மறுபடி அனுப்புகிறேன் என்ற வேலுமணியை, மருந்து நெடி அவளுக்கு ஆகாது என்று சொல்லித் தடுத்துவிட்டேன். வேலுமணி போனில், "எங்கிருந்துங்கப்பா வருது, நானும் கேக்கறேன், எங்கிருந்து வருது?" என்று கத்தினான். கீழே இருந்து என்றேன். அது உண்மை.

சாந்தாமணிதான் கஷ்டப்பட்டாள். கஷ்டம் என்றால் இளைப்பைச் சொல்லவில்லை, வெட்கத்தை. ஊரில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் பாத்திரம் இரவல் கேட்டு எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அவள் கழுவினது அப்படி இருக்கும். இப்போது வாசலில் யாராவது வந்தால் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டாள். பூச்சி சாக்பீஸ் வாங்கி வரச் சொன்னாள். குனிய முடியாதே, அதனால் துடைப்பக் கட்டையின் நுனியில் சாக்பீஸைக் கட்டி, நின்றபடியே தரையில் கோடு போட்டாள். ஒரு கோடு போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொள்வாள். மூச்சு வந்ததும் அடுத்த கோடு. அவள் போய்ப் படுத்த பிறகு நான் ஈரத்துணி எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்துவிடுவேன். தரையைத் துடைப்பது எனக்குப் பழக்கமில்லை, இடுப்புப் பிடித்துக்கொண்டது. அவளே தைலம் தேய்த்துவிட்டாள்.

"என்ற கையி சுத்தம் போயிருச்சுங்க," என்று ஒருநாள் அழுதாள். "இத்தனை காலம் இல்லாதது இப்ப வருதுன்னா, நான்தான் எங்கயோ விடறனாட்டம் இருக்குது."

"வயசானா எல்லாருக்கும் அப்படித்தான் சாந்தா. உடு," என்றேன். அதற்குமேல் ஆறுதல் சொல்ல எனக்கு வராது.

அவளுக்கு இளைப்பு அதிகமானது. பூச்சிக்காக அவள் கொட்டிக் கழுவுகிற பிளீச்சிங் பவுடர் நெடி என்று நான் நினைத்தேன். மறுபடி மெட்டில்டா டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். அவள் மூக்கிலும் வாயிலும் புகை வருகிற முகமூடியை மாட்டி உட்கார வைத்திருந்தார்கள். டாக்டரம்மா ஸ்கேனையும் பழைய சீட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"குளிர் மட்டும் இல்ல. வீட்டுக்குள்ள ஏதோ ஒண்ணு இவங்களுக்கு ஒத்துக்கல. நாய், பூனை வளர்க்கறீங்களா?"

"இல்லீங்க."

"ஹீட்டர் இருக்கா?"

"இருக்குதுங்க. அணைக்கறதே இல்லீங்க."

"குட். வீட்ல கரப்பான் இருக்கா பெரியவரே?"

எங்கள் பக்கம் கரப்பான் என்றால் தோலில் வருகிற சொறிப்புண்ணுக்கும் அதே பேர்தான். சின்னப் பிள்ளைகளுக்கு வரும். கத்திரிக்காய் தின்னாதே, கருவாடு தின்னாதே என்பார்கள். உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

"கரப்பானா? சேச்சே. அவளுக்கு மேலுல ஒரு சொறி செரங்கு கூடக் கெடையாதுங்க. கருவாடுகூட நெம்பத் திங்கமாட்டா," என்றேன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "ஐயோ, அது இல்ல, நான் கேட்டது..." என்று ஆரம்பித்தார். அதற்குள் நர்ஸ் ஓடிவந்தது. ஜீப் உருண்டு இரண்டு பேரைத் தூக்கி வந்திருந்தார்கள். இருங்க, வந்துடறேன் என்று டாக்டரம்மா எழுந்து போனார். சாந்தாமணி முகமூடிக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அதைக் கழற்றிவிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தன் சமையலறையில் அது இருக்கிறது என்று ஒரு டாக்டரிடம் எப்படிச் சொல்லுவாள்? நான் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டேன், அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன்.

பிறகு கொஞ்ச நாள் அவள் சமையல் மேடையை ஒட்டியே நின்றாள். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும். "இங்க நின்னா காலுக்குக் கதகதன்னு இருக்குதுங்க," என்றாள். ஃபிரிட்ஜ் சூடு என்றேன். ஃபிரிட்ஜ் எதிர்ச் சுவரில் இருந்தது.

மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம். நான் பால் வாங்கிவிட்டு உள்ளே வந்தால், அவள் எப்படியோ தரையில் உட்கார்ந்திருந்தாள். அலமாரிக் கதவு திறந்திருந்தது. கம்பளி அவள் மடியில் இருந்தது. ஹீட்டருக்கு நேராக இரண்டு கையையும் நீட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தாள். அதுகள் அட்டைகளின் மேலே அங்கங்கே உட்கார்ந்து மீசையை ஆட்டிக்கொண்டிருந்தன. அவளைக் கண்டு ஓடக்கூட இல்லை. அவ்வளவு பழகியிருந்தன.

அவள் சத்தம் போடவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஹீட்டரைப் பார்த்தாள். இட்லி மாவு இருந்த மூடியைப் பார்த்தாள்.

"ஏனுங்க," என்றாள். பேசுவதற்கு முன்னால் நிறைய மூச்சு எடுக்க வேண்டியிருந்தது. "இதையக் கொஞ்சம் ரூமுக்கு எடுத்துட்டு வந்து வெக்கறீங்களா? மழை உடற வரைக்கும்."

நான் யோசித்தேன் சார். யோசிக்காமல் சொன்னேன் என்று எழுதாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஒரு பார்ட்டி வீடு பார்க்க வருவதாக வேலுமணி சொல்லியிருந்தான்.

"குளுந்து போனா அதுக செத்துப்போயிரும் சாந்தா," என்றேன்.

அவள் நீட்டின கையை மடக்கிக்கொண்டாள். பிறகு சரீங்க என்றாள். கம்பளியை மடித்து, இருந்த இடுக்கிலேயே வைத்து, கதவைச் சாத்தினாள். எழுந்துகொள்ள நான் கை கொடுத்தேன். போய்ப் படுத்தவள் மறுநாள் மத்தியானம் பேச்சில்லாமல் ஆனாள். ஜீப் பிடித்து ஏற்றினோம். ஆஸ்பத்திரி வளைவு திரும்புவதற்குள் முடிந்துவிட்டது.

துக்கத்துக்கு வந்த உறம்பரைச் சனத்துக்குக் காப்பி போட வேலுமணி பெரிய பாத்திரம் தேடியிருக்கிறான். அலமாரியைத் திறந்திருக்கிறான். ஹீட்டர் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்க எனக்குத் தோன்றவில்லை. அணைப்பதற்கு ஒரு காரணமும் அந்த நேரத்தில் இல்லை. நெல்சனும் வந்திருந்தான். அவன் உள்ளே ஒரு தரம் பார்த்தான், என் முகத்தை ஒரு தரம் பார்த்தான், வாசலுக்குப் போய் வாந்தி எடுத்தான். தினம் இதையே பார்க்கிற பையன்.

சட்டத்தில் இதற்கு என்ன பேர் என்று உங்களுக்குத்தான் தெரியும். வேலுமணி உங்களிடம் என்ன சொல்லியிருக்கிறான் என்று எனக்குத் தெரியும். எங்கப்பாவுக்குப் படிப்பில்லை, டாக்டர் கேட்டது புரியவில்லை, சொறிப்புண் என்று நினைத்துவிட்டார், புரிந்திருந்தால் சொல்லியிருப்பார். அப்படித்தானே? வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறான், இங்கேயிருந்தே தெரிகிறது. என்னைக் காப்பாற்றப் பார்க்கிறான். எதற்கு என்று தெரியவில்லை. வீடு என் பேரில் இருக்கிறது என்பதால் இருக்கலாம்.

அதை அடித்துவிட்டு இப்படி எழுதிக்கொள்ளுங்கள். டாக்டரம்மா பூச்சியைத்தான் கேட்டார். கேட்டபோதே எனக்குத் தெரியும். சொறிப்புண் என்று நான் யோசித்து வைத்துத்தான் சொன்னேன். திரும்பி வந்தால் விளக்கமாகக் கேட்பார் என்றுதான் எழுந்து வந்தேன். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன் சார், அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். இவர்கள் பேச்சைக் கேட்டு அவளைக் கீழே கொண்டுபோயிருந்தால், அந்த வெயிலுக்கு அவள் பிழைத்திருக்கவே மாட்டாள்.